சிட்னி துறைமுகப் பாலத்தின் மீது சிறுவர்களுடன் ஏறுதல்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிட்னி துறைமுகப் பாலத்தின் எஃகு வளைவின் மேல் வழிகாட்டி ஒருவருடன் நடந்து, உச்சியை அடைந்து இறங்கும் பயணம் 1998 அக்டோபர் 1 முதல் பொதுமக்களுக்காக நடத்தப்பட்டு வருகிறது. அதன் பெயர் பிரிட்ஜ்கிளைம்ப். என் மகளுக்கு ஒன்பது வயதானபோது அவளுடன் நான் ஏறினேன். அதைக் கேள்விப்பட்ட நாள் முதல், வெண்ட்வொர்த்வில், ஹோம்புஷ் பகுதிகளில் வாழும் நண்பர்களும், பள்ளி விடுமுறைக்குச் சிட்னி வரும் உறவினர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், வயது, உயரம், துணை ஆகியவை குறித்த விவரங்களை முன்பதிவு செய்யும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வயதுப் பிள்ளைகள் ஏறலாம்?

எட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். உயரம் குறைந்தது 1.2 மீட்டர் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரின் துணையுடன்தான் ஏற முடியும். ஒரு பெரியவர் எத்தனை சிறுவர்களுக்குப் பொறுப்பேற்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆகவே பிறந்தநாள் விழாவுக்காக ஆறேழு நண்பர்களை ஒரே பெற்றோருடன் அனுப்பும் எண்ணம் இருந்தால், அதை முன்பதிவுக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உயர வரம்பைச் சிலர் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து, தடித்த அடிப்பாகமுள்ள காலணியை அணிவித்துச் சமாளித்துவிடலாம் என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏணிப் படிகளும் கைப்பிடிகளும், இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையான இடைவாரும் ஓரளவு வளர்ந்த உடலுக்கு ஏற்றவை. எட்டாத கைப்பிடியை எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டே மூன்று மணி நேரம் நடக்கும் பிள்ளைக்கு அந்தப் பயணத்தில் மகிழ்ச்சி எதுவும் மிஞ்சாது.

என் பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டது, உயரமும் இருக்கிறது. அது போதாதா?

அனுமதி பெற அது போதும். ஏற்றிவிட அது போதாது என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பக்கத்தை எழுத முக்கியக் காரணமே இதுதான்.

என் மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு நாங்கள் பாலத்தில் ஏறுவதாக இருந்தது. அவளிடம் கேட்டோம், சரி என்றாள். முன்பதிவும் செய்துவிட்டோம். இரண்டு நாள் முன்பு, இரவு விளக்கை அணைத்த பிறகு, "அம்மா, நீங்கள் ஆசைப்பட்டதால்தான் நான் சரி என்று சொன்னேன்" என்றாள். பகல் முழுவதும் சொல்ல முடியாததை இருட்டில் சொல்லிவிட்டாள். எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஏமாற்றத்தை அவள் முகத்தின் முன் காட்டாமல் இருந்ததே அன்று நான் செய்த நல்ல காரியம். பயணத்தைக் கைவிட்டோம். ஓராண்டுக்கு மேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் ரயிலில் பாலத்தைக் கடக்கும்போது, வளைவின் மேல் எறும்பு வரிசைபோல் நகர்ந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, "அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்?" என்று அவளாகவே கேட்டாள். அடுத்த வாரம், "என்னை எப்போது கூட்டிக்கொண்டு போவீர்கள்?" என்றாள். அதன் பிறகுதான் மீண்டும் பதிவு செய்தோம்.

பிள்ளை உண்மையாகவே விரும்புகிறதா என்பதை அறிய "ஏறுகிறாயா?" என்ற கேள்வி உதவாது. நம் பிள்ளைகள் பெரியவர்களின் மனம் கோணாதபடி பதில் சொல்லப் பழகியவர்கள். பிள்ளை தானாகக் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். எதைப் பிடித்துக்கொள்வது, ஏணி எவ்வளவு உயரம், மேலே என்ன இருக்கும் என்றெல்லாம் கேட்கும் பிள்ளை மனத்துக்குள் ஏற்கெனவே ஏறத் தொடங்கிவிட்டது. எதையும் கேட்காமல் தலையை மட்டும் அசைக்கும் பிள்ளைக்கு இன்னும் ஓராண்டு கொடுங்கள். பாலம் 1932 முதல் அங்கேதான் நிற்கிறது.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

சிறுவர்களுடன் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளை ஒப்பிடுகிறார்கள். முதலாவது, வளைவின் வெளிப்புற மேல்விளிம்பில் உச்சி வரை நடப்பது. தயாரிப்பு நேரம் உட்பட இதற்கு மூன்று முதல் மூன்றரை மணி நேரம் ஆகும். ஏற்றம், இறக்கம் இரண்டையும் சேர்த்து 1,300க்கும் மேற்பட்ட படிகள். இரண்டாவது, எஃகுச் சட்டங்களின் உள்ளே புகுந்து படிக்கட்டு வழியாக உச்சியை அடைவது. இதற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும்.

இரண்டும் ஒரே உச்சிக்குத்தான் போகின்றன. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். நேரம் குறைவு என்பது ஒரு காரணம். நாலாபுறமும் எஃகுச் சட்டங்கள் சூழ்ந்திருப்பதால், திறந்தவெளியில் தனியாக நிற்கும் உணர்வு உச்சிக்கு அருகில் செல்லும் வரை எழாது என்பது அதைவிட முக்கியமான காரணம். பத்து வயதைத் தாண்டிய, நடைக்குப் பழகிய பிள்ளை என்றால் வெளி வளைவு அருமையான அனுபவம். அங்கே படிகள் தாழ்வாகவும் ஏற்றம் சீராகவும் இருப்பதால், கீழிருந்து பார்க்கும்போது தோன்றுகிற செங்குத்து மேலே நடக்கும்போது தெரிவதில்லை.

ஏறுவதற்கு முன் என்ன நடக்கும்?

தி ராக்ஸ் பகுதியில், கம்பர்லண்ட் தெருவில் உள்ள அரங்கிலிருந்து பயணம் தொடங்குகிறது. உடல்நலம் பற்றிய படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பெரியவர்களுக்கு மூச்சில் மது இருக்கிறதா என்ற சோதனை உண்டு. மதிய விருந்தில் ஒயின் அருந்திவிட்டு வருவோர் இதை நினைவில் வையுங்கள், பெற்றோர் தகுதி இழந்தால் பிள்ளையும் ஏற முடியாது. பிறகு அனைவருக்கும் ஆடைக்கு மேல் அணியும் முழு உடுப்பும் இடைவாரும் தருவார்கள். பையிலும் கையிலும் உள்ள எல்லாவற்றையும் பூட்டறையில் வைத்துவிட்டு, உலோகம் கண்டறியும் கருவியைக் கடந்து செல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிந்திருந்தால் அதை உடையுடன் பிணைக்கும் கயிறு தருவார்கள். கைக்குட்டையும் மணிக்கட்டில் கட்டும் பட்டையோடுதான் வரும். கீழே எட்டு வழிகளில் வாகனங்களும் இரண்டு தடங்களில் ரயில்களும் ஓடுகின்றன. மேலிருந்து விழும் சிறு நாணயம்கூட அங்கே ஆபத்து.

இறுதியாக, அரங்குக்குள்ளேயே அமைந்த ஒரு மாதிரி ஏணியில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்வார்கள். இந்த ஐந்து நிமிடங்களில் உங்கள் பிள்ளையின் முகத்தையே பாருங்கள். இங்கே தயங்கும் பிள்ளையை "ஒன்றும் ஆகாது, வா" என்று இழுத்துச் செல்வதைவிட, வழிகாட்டியிடம் மெதுவாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்வது நல்லது. கட்டணம் போகலாம், போகட்டும்.

விழுந்துவிட வாய்ப்பு உண்டா?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் என்னிடம் தாழ்ந்த குரலிலும் பிள்ளைகள் உரத்த குரலிலும் கேட்கிறார்கள். இடைவாரிலிருந்து வரும் பிணைப்பு, பாலத்தில் பதித்த ஓர் எஃகுக் கம்பியில் பூட்டப்படுகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை அந்தக் கம்பி தொடர்ந்து செல்கிறது. கம்பியைத் தாங்கும் பிடிகளைக் கடக்கும்போதும் பூட்டைக் கழற்றத் தேவையில்லாதபடி அது வழுக்கிக்கொண்டு நகரும். நீங்கள் விரும்பினாலும் நடுவழியில் அதைக் கழற்ற முடியாது. இருபுறமும் கைப்பிடிகளும் உண்டு.

பிள்ளைக்கு இதைச் சொல்லும்போது "பயப்படாதே" என்று தொடங்காமல், ரயில் தண்டவாளத்தை விட்டு விலகாதது போல இந்தப் பூட்டு கம்பியை விட்டு விலகாது என்று சொல்லிப் பாருங்கள். பொறியமைப்பைப் புரிந்துகொண்ட பிள்ளை தன் அச்சத்தைத் தானே அளந்துகொள்கிறது.

பாலம் கட்டியபோது யாராவது விழுந்தார்களா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கட்டுமானப் பணிகளில் பதினாறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களுக்கு இப்படியொரு கம்பியும் இடைவாரும் இருக்கவில்லை. 1930இல் வின்சென்ட் கெல்லி என்ற தொழிலாளி பாலத்திலிருந்து நீரில் விழுந்து, விலா எலும்புகள் முறிந்தும் உயிர் பிழைத்தார். இதைக் கேட்டபின் என் மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போது அவர்களுக்கும் கம்பி கொடுத்திருக்கலாமே" என்றாள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை தாங்கிக்கொள்ளக்கூடிய உண்மைதான் அது; அதை மறைக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

எந்த இடத்தில் பயம் அதிகம்?

உச்சியில் அல்ல. இதைப் பெற்றோர் முன்னதாகவே அறிந்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

வெளி வளைவு வழியில் முதல் சோதனை, சாலைத்தளத்துக்குக் கீழே செல்லும் ஒடுங்கிய நடைபலகை. ஒருவர் பின் ஒருவராக நடக்கையில், காலுக்குக் கீழே தெருவும் கூரைகளும் தெரியும், தலைக்கு மேலே வாகனங்களின் இரைச்சல் கேட்கும். ஓட்டலின் மாடியறையிலிருந்து கீழே பார்க்கத் தயங்குபவருக்கு உடல் கூசும் இடம் இதுதான். அடுத்தது, சாலைத்தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் ஏணிகள். அவை செங்குத்தானவை; ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற வேண்டும். அதனால் பிள்ளை ஏறும்போது நீங்கள் கீழே காத்திருக்க நேரும், அல்லது நீங்கள் மேலே சென்றபின் பிள்ளை தனியாக ஏணியில் இருக்கும். வரிசையில் யார் முன், யார் பின் என்பதை வழிகாட்டியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். என் மகள் எனக்கு முன்னால் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். என் குரல் அவளுக்குக் கீழிருந்து வந்தது, அதுவே அவளுக்கு வேண்டியிருந்தது.

இரண்டாவது ஏணியில் அவள் தலை சாலை மட்டத்தைத் தாண்டிய கணத்தில் பெரிய லாரி ஒன்று பக்கத்தில் சீறிச் சென்றது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். உயரத்தைப் பற்றி மட்டுமே நான் அவளிடம் பேசியிருந்தேன். சத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது முழுக்க என் தவறு. நீங்கள் சொல்லிவிடுங்கள்: வாகனங்கள் மிக அருகில் ஓடும், ரயில் கடக்கும்போது எஃகு அதிரும், இரண்டும் இயல்பானவை. ஏறும் நாளுக்கு முன்பே ஒருமுறை பாலத்தின் நடைபாதையில் அழைத்துச் சென்று ரயில் போகும் ஓசையைக் கேட்க வைத்தால் இன்னும் நல்லது.

ஏணிகள் முடிந்து வளைவின் மேல் வந்துவிட்டால் அச்சம் பெரும்பாலும் இறங்கிவிடும். அங்கே தளம் அகன்றது, படிகள் எளியவை, காற்று திறந்தது. ஏணியில் உறைந்து நின்ற அதே பிள்ளை உச்சியில் சிவப்பு விளக்கைப் பார்த்துத் துள்ளியதை நான் கண்ணால் கண்டேன். விமானங்களை எச்சரிக்கும் அந்த விளக்குக்கு 'பிளிங்கி பில்' என்ற செல்லப்பெயரும் உண்டு.

நடுவழியில் பிள்ளை இறங்க வேண்டும் என்று அழுதால்?

குழுவில் அதிகபட்சம் பதினான்கு பேர்வரை ஒரே கம்பியில் வரிசையாகப் பூட்டப்பட்டிருப்பார்கள். ஆகவே நீங்களாக வரிசையை விட்டு விலகித் திரும்ப முடியாது. வழிகாட்டியிடம் சொல்லுங்கள், காதில் அணிந்த கருவி வழியாக அவருடைய குரல் எல்லாருக்கும் கேட்கும், அவரும் கீழே உள்ளவர்களுடன் தொடர்பில் இருப்பார். ஏணிகளுக்கு முன்பே சொன்னால் திரும்புவது எளிது. தயக்கத்தின் முதல் அறிகுறியிலேயே பேசுவது பிள்ளைக்கும் மற்ற ஏறுநர்களுக்கும் செய்யும் உதவி.

கழிப்பறை, சாப்பாடு, தண்ணீர்?

பாலத்தில் கழிப்பறை இல்லை. முழு உடுப்பையும் இடைவாரையும் அணிந்தபின் திரும்புவது கடினம் என்பதால், உடை மாற்றும் முன் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். தின்பண்டம் எதையும் எடுத்துச் செல்ல முடியாது. ஒரு மணி நேரத்துக்கு முன் இட்லி, வாழைப்பழம் போன்ற எளிய உணவு போதும். பசியோடும் ஏற்றக்கூடாது, வயிறு நிறையவும் கூடாது.

என்ன உடை, என்ன காலணி?

ரப்பர் அடிப்பாகமுள்ள, விரல்களை மூடிய காலணி. செருப்பு கூடாது. மேலே முழு உடுப்பு வருவதால் உள்ளே மெல்லிய பருத்தி ஆடை போதும். பாவாடை, சேலை போன்றவை பொருந்தா. நீண்ட கூந்தலைப் பின்னிவிடுங்கள். ஆஸ்திரேலிய வெயிலின் புறஊதாக் கதிர்கள் கடுமையானவை. நம் தோல் கருமை என்பதால் களிம்பு வேண்டாம் என்ற நினைப்பு இங்கே பலருக்கு உண்டு, அதை விட்டுவிட்டு முகத்திலும் கழுத்திலும் தடவுங்கள்.

மழை பெய்தால் ரத்தாகுமா? எந்த வேளை நல்லது?

மழையிலும் காற்றிலும் பயணம் நடக்கும், மழையுடுப்பு தருவார்கள். இடி மின்னல் வந்தால் நிறுத்துவார்கள். ஆகவே "தூறினால் திருப்பித் தருவார்கள்" என்று எண்ணிப் பதிவு செய்யாதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நண்பகலில் எஃகின் மேல் நடப்பது பிள்ளைகளுக்குக் களைப்பூட்டும். கோடையில் அதிகாலை அல்லது மாலையைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் மறையும் வேளையின் அழகைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் வழக்கமாக எட்டு மணிக்குத் தூங்கும் பிள்ளைக்கு மாலைப் பயணத்தின் கடைசி ஒரு மணி நேரம் பெருஞ்சுமை. இரவுப் பயணத்தில் ஆழம் கண்ணுக்குத் தெரியாததால் சில பிள்ளைகளுக்கு அச்சம் குறைகிறது. இருட்டுக்கே அஞ்சும் பிள்ளைக்கு அது பொருந்தாது. என்னைக் கேட்டால், முதல் முறைக்குக் காலை வேளையே சிறந்தது.

கைபேசியில் படம் எடுக்கலாமா?

கூடாது. கைபேசி, கேமரா, கைக்கடிகாரம் அனைத்தும் பூட்டறையில். வழிகாட்டியே ஆங்காங்கே படம் எடுப்பார். அவற்றைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம். மூன்று மணி நேரம் கைபேசி இல்லாமல், பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதையே நாமும் பார்த்துக்கொண்டு நடப்பது பெற்றோர்க்கு அரிதாகக் கிடைக்கும் பேறு.

ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியும் ஏறலாமா? ஆங்கிலம் தெரியாவிட்டால்?

வயதில் மேல்வரம்பை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். உடல்நலமும் முழங்காலும் இடம் கொடுத்தால் ஏறலாம். சோளிங்கர் மலைக்கோயிலின் 1,305 படிகளை இடையிடையே அமர்ந்து ஏறிப் பழகியவர்கள் நம் வீடுகளில் உண்டு. ஆனால் இங்கே நினைத்த இடத்தில் அமர்ந்து இளைப்பாற முடியாது. வரிசை நகர்ந்தால் நகர வேண்டும். இதய நோய், வலிப்பு, அண்மையில் செய்துகொண்ட அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் பதிவு செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்குத் தனி விதிகள் உண்டு. பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் படிவத்திலேயே குறிப்பிட்டு, இன்ஹேலரை எப்படி எடுத்துச் செல்வது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டுதல் பொதுவாக ஆங்கிலத்தில் இருக்கும். பாதுகாப்புக் குறிப்புகளைப் புரிந்துகொள்வது அவசியம் என்பதால், ஆங்கிலம் பழகாத பிள்ளையையோ பெரியவரையோ அழைத்துச் சென்றால், மொழிபெயர்த்துச் சொல்பவர் வரிசையில் அடுத்தபடியாக நிற்குமாறு கேளுங்கள்.

மேலே போகும்போது பிள்ளைக்குச் சலிப்பு ஏற்படாதா?

பாலத்தைப் பற்றி எதுவும் தெரியாமல் வந்தால் ஏற்படலாம். வழிகாட்டிகள் நன்றாகவே கதை சொல்வார்கள். ஆனால் காற்றும் இரைச்சலும் உள்ள இடத்தில் புதிய பெயர்களையும் எண்களையும் பிள்ளையால் பின்தொடர முடியாது. முந்தைய வாரத்தில் வீட்டிலேயே சில செய்திகளைச் சொல்லி வைத்தால், மேலே அவற்றைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும்.

எங்கள் வீட்டில் பலித்தவை இவை. வளைவின் நீளம் 503 மீட்டர். உச்சி கடல்மட்டத்திலிருந்து 134 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ அந்த உயரம் வரும் என்று என் தந்தை தொலைபேசியில் கணக்குப் போட்டுச் சொன்னார்; அதன் பிறகு 134 என்ற எண்ணை என் மகள் மறக்கவே இல்லை. பாலம் முழுவதையும் ஏறத்தாழ அறுபது லட்சம் ரிவெட் ஆணிகள் இணைத்துப் பிடித்திருக்கின்றன. உலையில் பழுக்கக் காய்ச்சிய ஆணியை ஒருவர் இடுக்கியால் வீச, மற்றொருவர் வாளியில் பிடிக்க, அது ஆறுவதற்குள் அடித்து இறுக்கினார்கள். வளைவின் இரு பாதிகளும் இரு கரைகளிலிருந்து தனித்தனியே வளர்ந்தன. பாறைக்குள் குடைந்த சுரங்கங்களில் கட்டிய எஃகு வடங்கள் அவற்றைக் கடலுக்குள் சாயாமல் பிடித்திருந்தன. அந்த வடங்களைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, 1930 ஆகஸ்ட் 19 இரவு இரு பாதிகளையும் நடுவில் சேர்த்தார்கள். வெயில் நாளில் எஃகு விரிவதால் உச்சி 18 சென்டிமீட்டர் வரை உயரும். "அப்படியென்றால் கோடையில் ஏறுபவர்கள் கொஞ்சம் கூடுதல் உயரம் ஏறுகிறார்களா?" என்று கேட்டாள். ஆம்.

பெரிதாகத் தோன்றும் கற்கோபுரங்கள் நான்கும் வளைவைத் தாங்கவில்லை, அவை அழகுக்காகக் கட்டப்பட்டவை என்பதைப் பெரியவர்களே நம்புவதில்லை. வளைவின் சுமை முழுவதும் அதன் அடியில் உள்ள கீல்களின் வழியாகப் பாறைக்கு இறங்குகிறது.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடிப்பது லென்னி க்வைதரின் கதை. 1932 மார்ச் 19 அன்று நடந்த திறப்புவிழாவைப் பார்ப்பதற்காக, விக்டோரியாவின் லியோங்காதா ஊரிலிருந்து அந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜிஞ்சர் மிக் என்ற தன் குதிரைக்குட்டியின் மேல் தனியாகப் பயணம் செய்து, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கடந்து சிட்னிக்கு வந்து சேர்ந்தான். என் மகளுக்கும் அப்போது ஒன்பது வயது. ஏணியில் நின்றுபோன அந்தக் கணத்தில் நான் கீழிருந்து சொன்ன ஒரே சொல், "லென்னி". அவள் அடுத்த படியில் கால் வைத்தாள்.

ஏற முடியாத சின்னப் பிள்ளையை அன்று என்ன செய்வது?

ஐந்து, ஆறு வயதுத் தம்பி தங்கை கீழே நின்று அழுவதுதான் பல குடும்பங்களில் அன்றைய பெருந்துயரம். அரங்கில் ஒப்படைத்துவிட்டுப் போகும் வசதியை எதிர்பார்க்காதீர்கள். பெற்றோரில் ஒருவர் கீழே இருக்க வேண்டும். கீழே இருப்பவருக்கும் பிள்ளைக்கும் அந்த நாள் ஒரு தண்டனையாக ஆகிவிடக்கூடாது. அதற்குப் பாலமே வழி தருகிறது.

தென்கிழக்குக் கற்கோபுரத்தின் உள்ளே பைலன் லுக்அவுட் என்ற காட்சித்தளம் இருக்கிறது. பாலத்தின் கிழக்கு நடைபாதையிலிருந்து உள்ளே நுழைந்து, 200 படிகள் ஏறினால் கடல்மட்டத்திலிருந்து 87 மீட்டர் உயரத்தில் நிற்கலாம். இடைவாரும் வேண்டாம், முழு உடுப்பும் வேண்டாம், இடையிடையே கட்டுமான வரலாற்றைச் சொல்லும் காட்சிகளில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம், கைபேசியில் படமும் எடுக்கலாம். நாங்கள் ஏறிய அன்று என் கணவரும் ஆறு வயது மகனும் அங்கேதான் இருந்தார்கள். நாங்கள் வளைவில் நடந்தபோது அவன் கையசைத்தான். அது எங்களுக்குத் தெரிந்தது. "நான்தான் முதலில் மேலே போனேன்" என்று இன்றுவரை சொல்கிறான்.

தள்ளுவண்டிக் குழந்தை இருந்தால் நடைபாதை மட்டும் போதும். இரு முனைகளிலும் மின்தூக்கி உண்டு, கட்டணம் கிடையாது. கிழக்குப் பக்கம் நடப்போருக்கு, மேற்குப் பக்கம் சைக்கிளோட்டிகளுக்கு. வடகரையில் மில்சன்ஸ் பாயிண்டில் இறங்கினால் லூனா பார்க் கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. பாலத்தின் எஃகுப் பாகங்களை வெட்டித் தயாரித்த பட்டறைகள் நின்ற இடத்தில்தான் 1935இல் அந்தப் பூங்கா அமைந்தது. வெஸ்ட்மீட், பாரமட்டா பக்கத்தில் வசிப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. அந்தத் தடத்தில் பாலத்தைக் கடந்து வடகரைக்குச் செல்லும் ரயிலில் ஏறினால், மாறி ஏறாமலே பாலத்தின் நடுவே சென்று மில்சன்ஸ் பாயிண்டில் இறங்கலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதுவே பாலப் பயணம்.

செலவு அதிகம் அல்லவா?

ஆம், அதிகம். சிறுவர் கட்டணம் பெரியவர் கட்டணத்தைவிடக் குறைவு. வேளைக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும். ஒரு குடும்பத்துக்கு இது ஆண்டுக்கு ஒருமுறைகூட அல்ல, வாழ்நாளில் ஒருமுறை செய்யும் செலவு. ஆகவேதான் பிள்ளை தானாகக் கேட்கும் வரை காத்திருங்கள் என்கிறேன்.

இறங்கிய பின்?

பிள்ளைக்கு உடனே பசிக்கும், கால் வலிக்கும், ஓயாமல் பேசும். அன்று வேறு திட்டம் எதையும் வைக்காதீர்கள். நாங்கள் சர்குலர் கீயில் படகேறி, பாலத்துக்குக் கீழாகச் சென்றோம். படகு வளைவின் நிழலுக்குள் நுழைந்தபோது என் மகள் அண்ணாந்து பார்த்து, மேலே நகர்ந்துகொண்டிருந்த அடுத்த குழுவை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். அதில் ஒரு சிறிய உருவம் இருந்தது. அந்த உருவம் வளைவின் மறுபக்கம் மறையும் வரை அவள் கையை அசைத்துக்கொண்டே இருந்தாள்.